சிவப்பு எரிந்தால் கெட்டுப்போனது என்று அர்த்தமில்லை: பழைய இபிஏபிஎக்ஸ் பெட்டியோடு நாலு மாதம்

2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு திருநெல்வேலியில் பழைய இரும்புக் கடைகளில் வழக்கத்தைவிடக் கூட்டம். தண்ணீர் ஏறிய கட்டிடங்களிலிருந்து பீரோ, மோட்டார், ஏசி, கம்ப்யூட்டர் என்று எது எதுவோ வந்து இறங்கிக்கொண்டே இருந்தது. சென்னைக்காரர்கள் காயலான் கடை என்பார்கள். காயல்பட்டினம் பக்கத்திலேயே இருந்தும் எங்கள் வாயில் ஏனோ அந்தப் பெயர் வருவதில்லை.

2024 ஜூனில், பேட்டைப் பக்கம் அப்படி ஒரு கடைக்கு ஸ்டெபிலைசர் தேடிப் போனேன். சுவர் அலமாரி மாதிரி ஒரு பெட்டி மல்லாக்கக் கிடந்தது. கதவைத் திறந்தால் வரிசையாகக் கார்டு சொருகும் இடங்கள். நார்டெல் மெரிடியன், ஆப்ஷன் 11சி. அடிப்பக்கம் ஓர் அங்குல உயரத்துக்கு வண்டல் கோடு, அதற்கு மேலே சுத்தம். சுவரில் உயரமாக மாட்டி வைத்திருந்த புண்ணியத்தில் தப்பியிருக்கிறது.

லாட்ஜ், மில், ஆஸ்பத்திரி என்று பெரிய இடங்களில் ரூமுக்கு ரூம் பேசவும், ஒரு நம்பரைத் தட்டி வெளி லைன் எடுக்கவும் வைத்திருப்பார்களே, அந்த இபிஏபிஎக்ஸ்தான் இது. கனடாக் கம்பெனி. 1975இல் எஸ்.எல்.1 என்று ஆரம்பித்த குடும்பத்தின் கடைசிப் பிள்ளைகளில் ஒன்று. கம்பெனி 2009 ஜனவரியில் திவால் மனு கொடுத்தது. பெட்டிகளுக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை போலும், ஓடிக்கொண்டுதான் இருந்தன.

"இதத் தூக்கிட்டுப் போயி என்ன செய்யப் போறீய தம்பி?"

"போன் பேசத்தான் அண்ணாச்சி."

"ஆளுக்கு ரெண்டு செல்லு வச்சிக்கிட்டு இது வேறயா?" என்றபடி எடை போட்டார். கோணியில் தனியாகக் கிடந்த இரண்டு கார்டுகளையும் சேர்த்து 2,400 ரூபாய். ஸ்டெபிலைசரை மறந்துவிட்டு வீடு வந்தேன்.

சேரன்மகாதேவியில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் மாட்டுத்தொழுவம் ஒன்று காலியாக இருக்கிறது. பிரஷ்ஷும் ஐசோபுரொபைல் ஆல்கஹாலும் வைத்து ஒரு வாரம் துடைத்தேன். அடுத்த வாரம் முழுக்கக் காயவிட்டேன். கார்டுகள் இருந்த இடம் இப்படி: பூஜ்யம் எண் இடத்தில் மூளைக் கார்டு, 1இல் டிஜிட்டல் போன்களுக்கான கார்டு, 2இல் வெளி லைன் கார்டு. கோணியில் வந்த இரண்டும் சாதாரண போன்களுக்கானவை, ஒவ்வொன்றிலும் 16 லைன். அவற்றை 4இலும் 7இலும் சொருகினேன்.

ஜூலை முதல் ஞாயிறு சுவிட்சைப் போட்டேன். பவர் சப்ளையில் பச்சை. ஒவ்வொரு கார்டின் முகப்பிலும் மேல் ஓரத்தில் குண்டுமணி அளவுக்கு ஒரு சிவப்பு விளக்கு உண்டு. எல்லாம் எரிந்தன. சில நிமிடம் கழித்து 1ம் 2ம் அணைந்துவிட்டன. 4 பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தது. 7 கொஞ்சம் மங்கல். சாயங்கால நேரம், எங்கள் தெருவில் லோ வோல்டேஜ் வழக்கம்தான் என்று அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நான் எடுத்த முடிவு, எரிவது உயிரோடு இருக்கிறது, அணைந்தது செத்துவிட்டது என்பது. இன்வெர்ட்டர், மோடம், டிவி பெட்டி எல்லாவற்றிலும் அப்படித்தானே பார்த்துப் பழகியிருக்கிறோம்? 4இல் ஒரு போனை மாட்டினேன். கப்சிப். வயரை மாற்றினேன், போனை மாற்றினேன், வயர்களை அழுத்திச் சேர்க்கும் க்ரோன் மாட்யூலில் மறுபடி பஞ்ச் செய்தேன். மூன்று வாரம் இப்படியே போயிற்று. இதற்கு நடுவில் 'செத்துப்போன' இரண்டு கார்டுகளையும் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போய் அண்ணாச்சியிடம் சண்டை வேறு. "எரிஞ்சு அணைஞ்சதுக்கு நானா பொறுப்பு? வேணும்னா வச்சிட்டுப் போங்க, ரெண்டுக்கும் சேர்த்து ஒரு ஸ்டெபிலைசர் தாரேன்" என்றார். ஏறக்குறையச் சம்மதித்துவிட்டேன். ஸ்டெபிலைசரில் கரையான் ஏறியிருந்ததால் பிழைத்தேன்.

கண்ணைத் திறந்துவிட்டவர் அடுத்த வீட்டுப் பெரியப்பா. டெலிபோன்ஸில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். தொழுவத்து வாசலில் நின்றபடியே கேட்டார்.

"எல்லாம் எரியணும்னா எதிர்பார்க்க?"

"ஆமா பெரியப்பா."

"ராத்திரி ட்யூட்டியில ஒத்த ஆளு. சுவர் பூராக் கார்டு. எரியிறத எண்ணிட்டிருந்தா விடிஞ்சிரும்லா? இருட்டா இருந்தா நிம்மதி. எங்கன எரியுதோ அங்கன போகணும்."

அன்று ராத்திரி இன்ஸ்டலேஷன் புத்தகத்தின் பிடிஎஃபை ஒழுங்காக உட்கார்ந்து படித்தேன். கார்டைச் சொருகியதும் அது தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும். தேறிவிட்டால் விளக்கு மூன்று தடவை சிமிட்டும். அதன் பிறகு சிவப்பாக எரிந்துகொண்டு நிற்கும். எதுவரை என்றால், சாஃப்ட்வேரில் அந்தக் கார்டுக்கு வேலை எழுதி, எனேபிள் செய்யும் வரை. வேலையில் சேர்ந்துவிட்டால் அணைந்துவிடும். ஆக 1ம் 2ம் சாகவில்லை. பழைய ஆபீஸ்காரர்கள் எழுதி வைத்ததைப் படித்து வேலைக்குப் போய்விட்டன. 4 உடம்புக்கு ஒன்றுமில்லாமல், வேலை கிடைக்காமல் நிற்கிறது. சிமிட்டிக்கொண்டே இருந்தாலோ மங்கலாக எரிந்தாலோதான் கார்டு பழுது. அந்த வரியைப் படித்ததும் 7ஐத் திரும்பிப் பார்த்தேன். வோல்டேஜ் மேல் பழியைப் போட்டது தப்பு.

சரி, வேலை எழுத வேண்டும் என்றால் உள்ளே போக வேண்டும். மூளைக் கார்டின் சீரியல் போர்ட் ஒன்பது பின். அதிலிருந்து மூன்று இருபத்தைந்து பின் தலைகளாகப் பிரியும் கேபிள். நல்லவேளை, கேபிள் பெட்டிக்குள்ளேயே இருந்தது. யுஎஸ்பி சீரியல் வயரை மாட்டினால் திரையில் ஒன்றுமில்லை. 2, 3 கம்பிகளைக் குறுக்கே மாற்றிப் போட்டேன். இப்போது எழுத்து வந்தது, ஆனால் குப்பை. வேகத்தை 9600இலிருந்து 1200 ஆக்கியதும் தெளிந்தது. பாஸ்வேர்ட் கதவின் உள்பக்கம் பென்சிலில் எழுதியிருந்தது. எந்த மகராசனோ, நன்றாக இருக்கட்டும்.

உள்ளே எல்லாவற்றுக்கும் எண்தான். எல் டி என்று அடித்து எண்ணைக் கொடுத்தால் அந்த எண்ணுக்குரிய புரோகிராம் வரும். ஓவர்லே என்பார்கள். நினைவகம் சுருக்கமாக இருந்த காலத்துப் பழக்கம். ஒரே திண்ணை, உட்கார்ந்தவர் எழுந்தால்தான் அடுத்தவருக்கு இடம். எழுப்பிவிட நாலு நட்சத்திரக் குறி அடிக்க வேண்டும். போன்களை எழுத 10, பதிந்ததை அச்சடித்துப் பார்க்க 20, சேமிக்க 43. நான் அதிகம் குடியிருந்தது 32இல். கார்டுகளையும் லைன்களையும் விசாரிக்கும் இடம் அது. அழைத்தால் என் பி ஆர் 000 என்று சொல்லி, ஒரு புள்ளியை வைத்துவிட்டுக் காத்திருக்கும். அந்தப் புள்ளிக்குப் பக்கத்தில்தான் நாம் கேட்க வேண்டும்.

ஸ்டாட் 4 0 என்று கேட்டேன். நாலாம் கார்டின் பூஜ்யமாவது லைன் எப்படி இருக்கிறது என்று அர்த்தம். யு என் ஈ க்யூ என்று பதில். அப்படி ஒரு லைனையே எனக்குத் தெரியாது என்கிறது. மூன்று வாரம் நான் பஞ்ச் செய்து பார்த்தது, ரேஷன் கார்டில் பெயரே இல்லாத ஆளுக்கு அரிசி கேட்டு வரிசையில் நின்ற கதை. இதே கேள்விக்கு டி எஸ் பி எல் என்று வந்தால் பெயர் இருக்கிறது, நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஐடில் என்றால் சும்மா இருக்கிறது. பிஸி என்றால் சொல்ல வேண்டியதில்லை. விளக்கு ஒரே சிவப்பில் சொன்னதை இது பிரித்துச் சொல்லிவிடுகிறது.

எல் டி 10இல் புது போன் எழுதினேன். அது ஒவ்வொன்றாகக் கேட்கும், நாம் சொல்ல வேண்டும். என்ன வகை என்றதற்கு 500 என்று பதில். 1950களில் அமெரிக்க வீடுகளில் இருந்த டயல் போனின் மாடல் எண்தான் 500. சேரன்மகாதேவித் தொழுவத்தில் இருக்கும் பீட்டல் போனும் இந்தப் பெட்டிக்கு 500தான். எக்ஸ்டென்ஷன் நம்பர் 201 கொடுத்தேன். புரியாத கேள்விகளுக்கெல்லாம் என்டரைத் தட்டிக்கொண்டே போனேன். பிறகு 32க்குப் போய் ஈ என் எல் சி 4 அடித்தேன். நாலாம் கார்டை எனேபிள் செய் என்பது. இரண்டு மூச்சு விடும் நேரம். சிவப்பு அணைந்தது.

ஒரு விளக்கு அணைந்ததற்காக நான் கை தட்டியதைப் பார்த்து ஆச்சி, "இவனுக்கு என்னாச்சு?" என்று அம்மாவிடம் கேட்டாளாம்.

ரிசீவரை எடுத்தேன், டயல் டோன். நம்பரை அழுத்தினேன், டயல் டோன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது, நிற்கவே இல்லை. ஒரு மணி நேரம் மண்டை காய்ந்தது. அப்புறம் பீட்டல் போனின் அடியில் டி, பி என்று ஒரு குட்டி சுவிட்ச் இருப்பது ஞாபகம் வந்தது. பல்ஸுக்குத் தள்ளி அழுத்தினால் டக் டக்கென்று டோன் நின்றது! நான் என்டர் தட்டித் தாண்டிய ஒரு கேள்வியில் லைனை டி ஐ பி, அதாவது சுழற்றும் டயல் காலத்துப் பல்ஸ் என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. மறுபடி 10க்குப் போய் அதை டி டி என், அதாவது பட்டன் போன் டோன் என்று மாற்றினேன். சரியாயிற்று. அடுத்த லைனை 202 என்று எழுதி ஆச்சி கட்டில் பக்கத்தில் ஒரு போன் வைத்தேன். அந்த லைனின் வெள்ளை ஆரஞ்சு வயர் ஜோடியைச் சீவிக்கொண்டிருந்தபோது தம்பி விளையாட்டாக 202ஐ அடித்துவிட்டான். மணி அடிக்கப் போகும் கரண்ட் எழுபது எண்பது வோல்ட் ஏசி. சாகடிக்காது, ஆனால் தம்பியைத் திட்ட வார்த்தை தேட வேண்டியிருக்காது.

ஆகஸ்ட் கடைசியில் நல்ல இடி. ராத்திரி முழுக்கக் கரண்ட் இல்லை. காலையில் பெட்டி தானாக எழுந்து நின்றது. 1ம் 2ம் இருட்டு, 4 சிவப்பு. போனில் சத்தமில்லை. இடி இறங்கிவிட்டது என்று வயிற்றைக் கலக்கியது. ஆனால் இந்தத் தடவை கார்டைப் பிடுங்கவில்லை. ஸ்டாட் 4 0. யு என் ஈ க்யூ. கெட்டுப்போயிருந்தால் இந்தப் பதில் வராது, மறந்துபோயிருக்கிறது. எழுதியதை எல்லாம் எல் டி 43இல் ஈ டி டி அடித்துச் சேமிக்க வேண்டும், நான் ஒரு தடவைகூடச் செய்யவில்லை. சேமிக்காத வரை எல்லாம் தற்காலிக நினைவில்தான். இரண்டு வாரத்து உழைப்பு ஒரு மின்வெட்டில் போயிற்று. திரும்ப எழுத இருபது நிமிடம்தான் ஆனது என்பது வேறு விஷயம். டேட்டாடம்ப் கம்ப்ளீட் என்று திரையில் பார்த்த பிறகே காப்பி குடிக்க எழுந்தேன். இப்போதெல்லாம் ஒரு நம்பர் மாற்றினாலும் 43க்குப் போய்விட்டுத்தான் மறுவேலை.

திரையில் அவ்வப்போது பி யு ஜி, அதாவது பக், பூச்சி என்று ஒரு செய்தி எண்ணோடு விழும். முதலில் பயந்தேன். சாஃப்ட்வேர் தனக்குள்ளேயே ஏதோ முரண்பட்டதைக் குறித்து வைக்கிறது, அவ்வளவுதான். போன் பேசுகிறது என்றால் நான் கண்டுகொள்வதில்லை.

நிஜப் பூச்சி 7இல் இருந்தது. கார்டை வெளியே இழுத்தால் பின்பக்கம் சிவப்பெறும்புக் கூட்டம், முட்டையோடு. ஊதிக் கழுவிக் காயவைத்துச் சொருகினேன். மூன்று தடவை சிமிட்டவில்லை. அதே மங்கல். கார்டு போய்விட்டதா, இல்லை பின்னால் இருக்கும் ஏழாம் எண் சாக்கெட்டே அரித்துவிட்டதா? பார்க்க ஒரே வழி, நல்ல இடமான 4இல் இதைச் சொருகுவது. அதற்கு 4இல் இருக்கும் கார்டை நிறுத்த வேண்டும்.

போன மாதம் பெரியப்பா வீட்டுக்கும் ஒரு லைன் இழுத்துவிட்டிருக்கிறேன், 203. இன்று நாலு மணிக்கு உட்கார்ந்து கேட்டேன். ஸ்டாட் 4 1: பிஸி. ஸ்டாட் 4 2: பிஸி. ஆச்சியும் பெரியம்மாவும். சுவரைத் தாண்டினால் முகம் பார்த்துப் பேசலாம், ஆனால் இதில் பேசுவதில்தான் ருசியாம். டி ஐ எஸ் சி அடித்தால் உடனே அறுந்துவிடும், அப்புறம் எனக்கு ராத்திரிச் சோறு கிடைக்காது. 32இல் இன்னொரு கட்டளை இருக்கிறது, டி ஐ எஸ் ஐ. பேசுகிறவர்கள் முடிக்கட்டும், அதற்கப்புறம் நிறுத்து என்பது. அதை அடித்துவிட்டு ஸ்க்ரூடிரைவரோடு உட்கார்ந்திருக்கிறேன். மணி நாலே முக்கால். 4இல் இன்னும் சிவப்பு வரவில்லை.