பிள்ளையின் ரிப்போர்ட், பெரியவர்களின் அளவு

ஏழு வயதுப் பிள்ளைக்கு ரத்தத்தில் இருக்கும் கொழுப்பான டிரைகிளிசரைடு 130. பக்கத்தில் ‘150-க்குக் கீழ்’ என்று அச்சாகியிருப்பதால் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. அந்த 150 பெரியவர்களுக்கான வரம்பு. ஒன்பது வயது வரை 75-க்குள் இருக்க வேண்டும், 100 வந்தாலே அதிகம். பத்து வயதிலிருந்து 90-க்குள், 130 அதிகம்.

மொத்தக் கொலஸ்ட்ரால் 170-க்குள், கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்.டி.எல். 110-க்குள். முறையே 200, 130 வந்தால் அதிகம். நல்ல கொலஸ்ட்ரால் எனப்படும் எச்.டி.எல். 45-க்கு மேல் நல்லது, 40-க்குக் கீழ் குறைவு. மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.-ஐக் கழித்துப் பாருங்கள்: 120-க்குள் சரி, 145 அதிகம். இந்தக் கணக்குக்கு வெறும் வயிறு வேண்டாம். காலை பஸ் பிடித்துக் கூடலூருக்கோ ஊட்டிக்கோ வரும் பிள்ளையைப் பட்டினி போட வேண்டியதில்லை. கணக்கில் அதிகம் வந்தால் மட்டும் 12 மணி நேரம் சாப்பிடாமல் இன்னொரு நாள் எடுக்கலாம். ஒரே ரிப்போர்ட்டை வைத்து முடிவெடுக்கக் கூடாது. இரண்டு வாரமாவது இடைவெளி விட்டு மறுபடி பார்க்க வேண்டும்.

சர்க்கரையில் பெரியவர்களின் அளவேதான்: வெறும் வயிற்றில் 100-க்குள், 126 வந்தால் நீரிழிவைச் சந்தேகிக்க வேண்டும். நீலகிரி மலையில் சிக்கல் வேறு. இங்கே எடுத்த ரத்தம் கோயம்புத்தூர் லேபுக்கு இறங்குவதற்குள் ரத்த அணுக்களே சர்க்கரையைத் தின்றுவிடும், மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை. இதைத் தடுக்கும் மருந்து கலந்த சாம்பல் நிற மூடிக் குழாயில் எடுத்தாலும் முதல் ஒன்றிரண்டு மணி நேரம் இந்தக் குறைவு முழுதாக நிற்காது. எடுத்த இடத்திலேயே சென்ட்ரிஃபியூஜ் என்ற சுழற்றும் கருவியில் சுற்றி, அணுக்கள் நீங்கிய நீர்ப்பகுதியான பிளாஸ்மாவைப் பிரித்து அனுப்புகிறார்களா என்று கேளுங்கள்.

சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி எனப்படும் எச்பிஏ1சி 5.7-க்குள் இருக்க வேண்டும், 6.5 நீரிழிவு. நீலகிரியில் இதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. இந்தியாவில் சிக்கிள் செல் என்ற பரம்பரை ரத்த நோய் முதலில் கண்டறியப்பட்டதே இந்த மலையின் பழங்குடி மக்களிடம்தான், 1952-இல். அந்த நோய் உள்ள பிள்ளைக்குச் சிவப்பணு சீக்கிரம் அழிவதால் எண் பொய்யாகக் குறையும். இரும்புச்சத்துக் குறைவில் நேரெதிர், சற்றே ஏறும். இரண்டில் எது இருந்தாலும் ரத்தச் சர்க்கரையையே நேரடியாகப் பார்ப்பது மேல்.

பிரஷருக்கு 13 வயதிலிருந்து 120/80-க்குள் சரி. அந்த வயதுக்குக் கீழே ஒரே எண் கிடையாது. வயது, பாலினம், உயரம் மூன்றையும் வைத்து அட்டவணையில் பார்க்க வேண்டும். கையில் சுற்றும் பட்டைதான் பெரும்பாலும் காலை வாருகிறது. உள்ளே இருக்கும் காற்றுப்பை கைச் சுற்றளவில் 80 சதவீதமாவது சுற்றி வர வேண்டும். குட்டையானால் எண் பொய்யாக ஏறும். மேடேறி வந்த பிள்ளையை ஐந்து நிமிடம் சாய்ந்து உட்காரவைத்து, வலது கையில் பாருங்கள்.