ஐடா கமின்ஸ்கா நியூயார்க்கில் குடியேறியபோது

நியூயார்க்கின் ஃப்ளஷிங் பகுதிக்குக் குடிவரும் தமிழர்களுக்கு முதலில் பழகுவது பௌன் தெருப் பிள்ளையார் கோயில்தான். அங்கே தோசை கிடைக்கும், வீடு பார்த்துக் கொடுக்க ஆள் கிடைப்பார். அதே ஃப்ளஷிங்கில் மவுண்ட் ஹீப்ரன் என்ற பெரிய யூதக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. யிட்டிஷ் நாடக நடிகை ஐடா கமின்ஸ்கா அடக்கமாகியிருப்பது அங்கேதான். வேலை, வாடகை, குளிர் எல்லாம் பழகிய பிறகும் இந்த ஊர் எனக்கு ஏன் ஒட்டவில்லை என்பது அவர் வாழ்க்கையைப் படித்த பிறகுதான் விளங்கியது.

யிட்டிஷ், கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் வீட்டில் பேசிய மொழி. ஐடா 1899இல் ஒடெசாவில் பிறந்தார். அவருடைய அம்மா எஸ்தர் ராகேலை ‘யிட்டிஷ் நாடகத்தின் தாய்’ என்றே சொல்வார்கள். அப்பா நாடகக் குழு நடத்தியவர். 1912இல் ‘மிரெலே எஃப்ரோஸ்’ நாடகம் மௌனப் படமானபோது அம்மா கதாநாயகி, சிறுமி ஐடாவுக்குப் பேரன் வேஷம். வளர்ந்து போலந்தின் தலைநகர் வார்சாவில் சொந்தக் குழு நடத்தினார்.

1939இல் இரண்டாம் உலகப் போர் வந்ததும் சோவியத் வசமிருந்த லிவிவ் நகருக்குத் தப்பினார். ஜெர்மானியர்கள் அங்கும் வர, மத்திய ஆசியாவரை போனார். போலந்தில் இருந்த முப்பது லட்சத்துக்கு மேற்பட்ட யூதர்களில் பத்தில் ஒன்பது பேர் கொல்லப்பட்டார்கள். அவர் நாடகம் பார்த்த சனம் அது. அப்படியும் போர் முடிந்து போலந்துக்கே திரும்பி, அரசு யிட்டிஷ் நாடக நிறுவனத்தைப் பல வருடம் தலைமையேற்று நடத்தினார். அந்தத் துணிச்சலை எண்ணி நான் இன்னும் வியக்கிறேன்.

உலகம் அவரை அறிந்தது 1965இல் வந்த ‘தி ஷாப் ஆன் மெயின் ஸ்ட்ரீட்’ என்ற செக்கோஸ்லோவாக்கியப் படத்தால். பொத்தான் கடை வைத்திருக்கும், காது கேளாத யூத விதவை வேஷம். கடை தன் கையை விட்டுப் போய்விட்டது என்பதே புரியாமல், அதைப் பறிக்க வந்தவனை உதவியாள் என்று நினைத்துக்கொண்டிருக்கும் பாட்டி. அந்த வேஷத்துக்காகச் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் பரிந்துரை பெற்றார். 1967 இலையுதிர் காலத்தில் நியூயார்க்கின் பெரிய நாடக வட்டாரமான பிராட்வேயில் ‘மதர் கரேஜ்’, ‘மிரெலே எஃப்ரோஸ்’ நாடகங்கள் இரண்டையும் யிட்டிஷிலேயே நடத்திவிட்டு ஊர் திரும்பினார்.

திரும்பிய கொஞ்ச மாதத்தில் போலந்தில் ஒரு நாடகத்தைத் தடை செய்தார்கள். மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். 1968 மார்ச்சில் அரசு பழியை யூதர்கள் மேல் திருப்பியது. பதின்மூன்றாயிரம் பேராவது நாட்டை விட்டுப் போக வேண்டியதாயிற்று. அவர்கள் கையில் கொடுக்கப்பட்டது பாஸ்போர்ட் அல்ல. இதை வைத்திருப்பவர் போலந்துக் குடிமகன் இல்லை என்று சொல்லும் பயணத் தாள். அறுபத்தெட்டு வயதில் ஐடாவும் கிளம்பினார். இஸ்ரேல் வழியாக நியூயார்க் வந்தார்.

வெளிப்பார்வைக்கு இது சுலபமான குடியேற்றம். பேர் இருக்கிறது, பிராட்வே அறிந்த முகம், ஊரில் யூதர்களுக்கும் குறைவில்லை. 1970இல் ‘தி ஏஞ்சல் லெவின்’ என்ற ஹாலிவுட் படத்திலும் நடித்தார். ஆனால் அவர் விரும்பியது வேறு: ஒரு நிலையான குழு, வாரம் முழுக்க மாறி மாறி நாடகங்கள், யிட்டிஷில். வார்சாவில் அதற்கு அரசு பணம் கொடுத்தது. இங்கே அரங்கின் வாடகைகூட டிக்கெட்டில்தான் வர வேண்டும். ஒரு காலத்தில் யிட்டிஷ் அரங்குகள் வரிசையாக இருந்த நியூயார்க்கின் செகண்ட் அவென்யூ தெருவில் அந்தக் காலம் முடிந்துபோயிருந்தது. 1915இல் தொடங்கிய ஃபோக்ஸ்பீனே மாதிரி ஒன்றிரண்டு குழுக்களே மிச்சம். பாட்டிகளுக்கு யிட்டிஷ் தெரியும், பேரப்பிள்ளைகளுக்கு ஆங்கிலம். அவர் எடுத்த முயற்சி நிலைக்கவில்லை. இஸ்ரேலிலும் முயன்றார், அங்கும் கைகூடவில்லை. 1980 மே மாதம் நியூயார்க்கில் காலமானார்.

இதைத் தோல்வி என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவருக்கு வேண்டியது ஒரு வசனம் சொன்னால் அடுத்த நொடியே சிரிக்கிற ஒரு கூட்டம். இங்கே எனக்கும் இல்லாமல் போனது அதுதான். அலுவலகத்தில் என் ஆங்கிலம் எல்லோருக்கும் புரிகிறது. ஆனால் நான் பேச்சுவாக்கில் ஒரு பழமொழியைப் போட்டால் பிடித்துக்கொள்ள ஆளில்லை. பொங்கல் விழாவில் நாங்கள் போடும் நாடகத்திலும் முன்வரிசைப் பெரியவர்கள் சிரிக்க, பின்னால் பிள்ளைகள் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஃபோக்ஸ்பீனே இன்னும் நடக்கிறது. வசனத்தின் ஆங்கில, ரஷ்ய வரிகள் மேடையருகே திரையில் ஓடும். 2018இல் அவர்கள் ‘ஃபிட்லர் ஆன் தி ரூஃப்’ இசை நாடகத்தை யிட்டிஷில் போட்டார்கள். நடிகர்களில் பலர் அதற்காகவே மொழி கற்றார்கள். சில வாரங்களுக்கென்று ஆரம்பித்தது கூட்டம் குறையாமல் நீண்டு, அடுத்த வருடம் பெரிய அரங்குக்கும் போனது. எங்கள் குழுவிலும் கேட்டிருக்கிறேன்: அடுத்த பொங்கல் நாடகத்துக்குத் திரையில் ஆங்கில வரி ஓடவிடலாம், இரண்டு வேஷத்தைத் தமிழ் தடுமாறும் பிள்ளைகளுக்கே கொடுக்கலாம். வசனத்தைச் சுருக்கிவிடுவோமே என்றார் ஒருவர். சுருக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். ஒத்திகையைச் சீக்கிரமே தொடங்கிவிட்டால் முழுசாகவே சொல்லிவிடுவார்கள்.