ட்ரென்ற் ஆற்றுப் பாலத்தில்

கடந்த தை மாதம் கனடாவின் மொன்றியலில் சித்தியின் மகளுக்குக் கலியாணம். ரொறன்ரோவில் நாங்கள் இருக்கும் ஸ்காபரோவில் நெடுஞ்சாலை 401இல் ஏறினால் ஏறக்குறைய 540 கிலோமீற்றர். கோடையில் ஆறு மணித்தியாலத்துக்குள் போய்விடலாம். முதல் நாள் முழுக்க ஸ்நோ கொட்டியதால் பயணத்தை ஒரு நாள் தள்ளிப்போட்டோம். மறுநாள் விடிய நல்ல வெயில். ஸ்நோவை வழித்து உப்புப் போட்டிருந்த ரோட்டு கறுப்பாகத் தெரிந்தது. இனி என்ன பயம் என்று 100இல் ஓடினேன்.

ட்ரென்ரனுக்குக் கிட்ட, ட்ரென்ற் ஆற்றுப் பாலத்தில் ஏறியதும் காரின் பின்பக்கம் மெல்ல இடப்பக்கம் விலகியது. சத்தமே இல்லை. ஸ்ரியரிங் கையில் பாரமில்லாமல் போனது. கால் தானாகப் பிரேக்குக்குப் போக, பக்கத்தில் இருந்த அண்ணா, "பிரேக்கைத் தொடாதை. காலை எடு. போகவேண்டிய பக்கத்தைப் பார்" என்றார். பார்த்தேன். பார்த்த பக்கத்துக்கே கையும் திரும்பியது. பாலம் முடிய ரயர் பிடித்துக்கொண்டது. பின் சீற்றில் இருந்து அம்மாவின் "முருகா" மட்டும் கேட்டது.

அடுத்த ஓய்விடத்தில் நிறுத்தித் தேத்தண்ணி குடித்தபோதும் கை நடுங்கியது. அண்ணா லொறி ஓடுகிறவர். ஆறுதலாகச் சொன்னார்: நிலத்தில் கிடக்கும் ரோட்டுக்கு அடியில் மண்ணின் சூடு கொஞ்சமாவது இருக்கும். பாலத்துக்கோ மேலேயும் கீழேயும் குளிர்காற்று. அதனால் அங்கேதான் ஈரம் முதலில் உறையும். கண்ணாடி போல மெல்லிய ஐஸ். ஊடாகத் தார் தெரிவதால் ஈரம் என்றே கண் நம்பிவிடும். மைனஸ் 10க்குக் கீழே போகப் போக உப்பும் வேலை செய்யாது. அன்று மைனஸ் 14. "முன்னால போற வாகனத்தின்ரை ரயரைப் பார். ரோட்டு ஈரமாத் தெரிஞ்சும் தண்ணி தெறிக்கேல்லை எண்டால் அது ஐஸ்."

எங்கள் காரில் விண்ரர் ரயர் இருந்தது. 7 பாகைக்குக் கீழே மற்ற ரயர்களின் றப்பர் இறுகத் தொடங்கும். இது மெதுமை குறையாது. மொன்றியல் இருக்கும் கியூபெக் மாகாணத்தில் பதிந்த கார்களுக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை இது சட்டப்படி கட்டாயம். ரொறன்ரோப் பக்கம் அப்படிச் சட்டம் இல்லை. இருக்கவேண்டும் என்பது என் எண்ணம். புதிதாக வந்த எங்கட பிள்ளைகள் காசை மிச்சம்பிடிக்க இதை விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

கிங்ஸ்ரன் தாண்ட, வயல்களில் கிடந்த ஸ்நோவைக் காற்று ரோட்டுக்குக் குறுக்கே அள்ளி வீசியது. எழுபதில் ஊர்ந்தோம். டிக்கியில் போர்வையும் சவளும் இருந்தன. எங்காவது புதைந்துவிட்டால் எஞ்சினைப் போடுமுன் புகைக்குழாயைச் சுற்றியுள்ள ஸ்நோவைத் தோண்டிவிடவேண்டும், இல்லாவிட்டால் நச்சுப்புகை காருக்குள் வரும் என்று அண்ணா இரண்டு தரம் சொன்னார். மொன்றியல் போய்ச் சேர எட்டரை மணித்தியாலம். சித்தி வைத்திருந்த இடியப்பமும் சொதியும் ஆறிப்போயிருந்தன.

திரும்பி வரும்போது அந்தப் பாலத்துக்கு அரைக் கிலோமீற்றர் முன்னமே வேகத்தைக் குறைத்துவிட்டேன். முன்னால் போன லொறியின் ரயரில் தண்ணீர் தெறித்துக்கொண்டே இருந்தது. அம்மா பின்னால் நல்ல நித்திரை.