'இந்த ரெக்ரூட்'

நேற்று ராத்திரி ராகீல் சித்திக்கி வழக்கை மறுபடி படித்தேன். தூக்கம் போச்சு.

மிச்சிகன் மாநிலத்துப் பையன், பாகிஸ்தான் வழிக் குடும்பம், 20 வயது. 2016 மார்ச்சில் அமெரிக்க மரைன் படைப் பயிற்சிக்குப் பாரிஸ் ஐலண்ட் என்ற பயிற்சித் தளத்துக்குப் போனான். இரண்டு வாரம்கூட முடியவில்லை.

அங்கே பயிற்சியில் இருப்பவன் 'நான்' என்று சொல்லக்கூடாது, 'இந்த ரெக்ரூட்' (புதிதாகச் சேர்ந்தவன்) என்றுதான் சொல்ல வேண்டும். தொண்டை வீங்கிக் குரலே வராமல் அவன் ஒரு தாளில் எழுதிக் காட்டினான். அதிலும் 'இந்த ரெக்ரூட்' மருத்துவரிடம் போகணும் என்றுதான் இருந்தது! பயிற்சி கொடுக்கும் டிரில் இன்ஸ்ட்ரக்டர் ஜோசப் ஃபீலிக்ஸுக்கு அது போதவில்லை. சத்தமாக வணக்கம் சொல்லச் சொல்லி ஓட விட்டார். சுருண்டு விழுந்தவனை அறைந்தார். எழுந்து ஓடியவன் மூன்றாவது மாடியிலிருந்து கீழே விழுந்து இறந்தான். தற்கொலை என்றது அதிகாரத் தரப்பு, குடும்பம் ஏற்கவில்லை.

எனக்கு ஆறாதது வேறு. இதற்கு முந்தைய வருஷமே இன்னொரு முஸ்லிம் பையனை இதே ஃபீலிக்ஸ் துணி உலர்த்தும் டிரையருக்குள் ஏற வைத்து, 'நீ தீவிரவாதியா' என்று கேட்டு, சுழல விட்டிருக்கிறார். அந்த விசாரணை நடக்கும்போதே ஃபீலிக்ஸ் கையில் புதுப் பையன்களை ஒப்படைத்திருக்கிறார்கள். இதை என்னவென்று சொல்வது?

2017இல் ராணுவ நீதிமன்றம் ஃபீலிக்ஸுக்கு 10 ஆண்டு சிறை கொடுத்தது. சரி. பெற்றோர் அரசின் மேல் போட்ட நஷ்டஈட்டு வழக்கோ தள்ளுபடி. ராணுவச் சேவையில் நேர்ந்த பாதிப்புக்கு அரசை வழக்குக்கு இழுக்க முடியாது என்ற 1950ஆம் வருஷத்துத் தீர்ப்பு குறுக்கே நின்றது. சீருடைக்கே இன்னும் பழகாத பையனின் அந்தச் சில நாளும் 'சேவை' கணக்கில் வந்துவிட்டது.