சக்கோட்டை முனைப் பக்கம்

இலங்கையின் வடக்கு அந்தம் என்றதும் பெரிய பாறை முனை ஒன்றை எதிர்பார்த்து வந்தால் ஏமாந்துபோவீர்கள். சக்கோட்டை முனை வெறும் தட்டை நிலம். கீழே முருகைக்கல் என்கிற பவளப்பாறை, அதன்மேல் வந்து அடிக்கிற அலை. படம் எடுத்துவிட்டு உடனே கிளம்புகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்குக் கோபம் வரும். சுற்றியுள்ள ஊர்களில் அல்லவா விசயம் இருக்கிறது!

மேற்கே வல்வெட்டித்துறை. அங்கே கட்டிய ‘அன்னபூரணி’ என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தது. ஓட்டியவர்களில் பெரும்பாலானோர் நம் ஊர்க் கடலோடிகள்தான்.

கிழக்கே பருத்தித்துறை. அங்கே தெருமூடிமடத்தைக் கட்டாயம் பாருங்கள். தெருவுக்கு மேலேயே கூரை, இரண்டு பக்கமும் கல் தூண்களோடு திண்ணை. வாகனங்கள் அதற்குள்ளாலேயே போகும். நான் வெயில் நேரத்தில் சைக்கிளை நிறுத்திவிட்டு அந்தத் திண்ணையில் சாய்வதுண்டு. கல் முதுகில் சில்லென்று படும். அப்புறம், பருத்தித்துறை வடை. தட்டையாக, மொறுமொறுவென்று, நல்ல உறைப்போடு இருக்கும். நாள்கணக்கில் பழுதாகாது என்பார்கள். எங்கள் வீட்டில் அந்தளவுக்கு மிஞ்சினால்தானே!