பக்கத்து நாற்காலி

இன்று காலை தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில், கணவரின் நிலை குறித்து மருத்துவர் சொல்லப்போகும் செய்திக்காகக் காத்திருந்த ஒரு பெண்மணி, கையிலிருந்த வேதாகமத்தை மூடிவிட்டு, அழுதுகொண்டிருந்த முன்பின் அறியாத ஒரு தாயின் அருகே போய் அமர்ந்தார்.

அறிவுரை எதுவும் சொல்லவில்லை. அந்தத் தாயின் கைப்பையைத் தம் மடியில் வாங்கி வைத்துக்கொண்டு, அவர் பேசி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

விசுவாசிகளுக்குத் துன்பமே வராது என்று போதிப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் சற்றும் உடன்பாடில்லை.

வேதாகமம் அப்படிச் சொல்லவில்லை. அதிலுள்ள ஜெபப் பாடல்களில் ஒன்றான 88ஆம் சங்கீதம் ஆறுதலான முடிவின்றி முறையீட்டிலேயே நின்றுவிடுகிறது. ஏன் என்னைக் கைவிட்டீர் என்று சிலுவையில் இயேசுவே கதறினார். கடவுளிடம் அழவும் கேள்வி கேட்கவும் இடமிருப்பதால்தான் விசுவாசி உடைந்துபோகாமல் நிற்கிறார் என்று நினைக்கிறேன்.

அப்படி நிற்பவர் தமக்காக மட்டும் நிற்பதில்லை. தேவன் நமக்குத் தரும் ஆறுதலைக் கொண்டே உபத்திரவத்தில் இருக்கும் பிறரை ஆற்ற வேண்டும் என்று கொரிந்து நகரத்துச் சபையாருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் (கடிதத்தின்) தொடக்கத்திலேயே திருத்தூதர் பவுல் சொல்கிறார்.

மூன்றாம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரைக் கொள்ளைநோய் தாக்கியபோது, ஆயர் சிப்ரியான், தங்களைத் துன்புறுத்தியவர்களுக்கும் உதவுமாறு கிறிஸ்தவர்களைத் தூண்டினார். நம் காலத்திற்கு அருகில், ஆழ்ந்த கிறிஸ்தவ விசுவாசம் கொண்ட மருத்துவர் சிசிலி சாண்டர்ஸ், 1967இல் லண்டனில் இறுதிக்கட்ட நோயாளிகளைப் பராமரிக்கும் புனித கிறிஸ்டோபர் நல்வாழ்வகத்தைத் (ஹாஸ்பிஸ்) திறந்து, குணமாக்க முடியாத நோயாளிகளின் வலியைத் தணிப்பதையே மருத்துவத்தின் ஒரு துறையாக வளர்த்தெடுத்தார். அங்கே எந்த மதத்தவருக்கும், மத நம்பிக்கை இல்லாதவருக்கும் இடமிருந்தது.