ஸ்கிரைப் வைத்து எம்.ஏ. தேர்வு எழுதிய கதை

எனக்குக் கண்ணில் ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா. நேராக இருப்பது ஓரளவு தெரியும், பக்கவாட்டில் இருப்பது தெரியாது. பொழுது சாய்ந்தால் எதுவுமே தெரியாது. ஊர் ஏற்காட்டுப் பக்கம். பி.ஏ. வரைக்கும் பெரிய எழுத்தில் ஜெராக்ஸ் எடுத்துச் சமாளித்தேன். சேலத்தில் ஒரு அரசு கல்வி நிறுவனத்தில் எம்.ஏ. வரலாறு சேர்ந்தபோது, கேள்வித்தாளில் ஒரு வரியைப் பிடித்தால் அடுத்த வரி காணாமல் போகும் நிலைமை. சரி, இனி நான் சொல்லச் சொல்ல எழுதித் தரும் ஆள், அதாவது ஸ்கிரைப்தான் என்று முடிவு செய்தேன்.

சீட் கிடைப்பதில் பெரிய சிக்கல் இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, அரசு உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீத இடத்தை ஒதுக்கச் சொல்கிறது. சேர்க்கைப் படிவத்திலேயே அதற்கு ஒரு கட்டம் இருக்கும். தேர்வுக்கு அப்படி ஒரு கட்டம் கிடையாது. நாமே மனு எழுதி, நாமே தூக்கிக்கொண்டு அலைய வேண்டும்.

என்னிடம் மஞ்சள் நிற யுடிஐடி அட்டை, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை இருக்கிறது. குறைபாடு 40 முதல் 79 சதவீதம் வரை உள்ளவர்களுக்கு அந்த நிறம். ஸ்கிரைப் கேட்க அது மட்டும் போதாது. நான் தேர்வு எழுதியபோது நடப்பில் இருந்தது, மத்திய சமூகநீதி அமைச்சகம் 2018 ஆகஸ்டில் வெளியிட்ட வழிகாட்டுதல். அதன்படி முழுப் பார்வையின்மை, இரண்டு கைகளும் பாதிப்பு, பெருமூளை வாதம் ஆகிய மூன்றுக்கும் கேட்டாலே ஸ்கிரைப் தர வேண்டும் என்றிருந்தது. குறைபார்வை அந்த மூன்றில் வரவில்லை. அரசு மருத்துவமனையின் தலைமை மருத்துவர் அல்லது கண்காணிப்பாளர், ‘இவரால் எழுத இயலாது, உதவியாளர் தேவை’ என்று தனியாக ஒரு சான்று தர வேண்டியிருந்தது. அதன் மாதிரிப் படிவம் அந்த வழிகாட்டுதலின் முதல் பின்னிணைப்பிலேயே இருந்தது. அதை அச்செடுத்துக் கையோடு கொண்டு போனேன். கண் பிரிவில் இருந்த டாக்டர், “அதான் அட்டை இருக்கே, அப்புறம் எதுக்குப்பா லெட்டர்?” என்றுதான் கேட்டார். தாளை நீட்டியதும் படித்துப் பார்த்துவிட்டு, பார்வைப்புலப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். கண்காணிப்பாளர் கையெழுத்துக்குக் காத்திருந்ததெல்லாம் வழக்கமான கதை, விடுங்கள்.

இடையில் ஒன்று. 40 சதவீதத்துக்குக் கீழே இருப்பவர்கள் நமக்குக் கிடையாது என்று ஒதுங்க வேண்டாம். எழுதும்போது விரல் இறுகிப்போகும் பாதிப்புள்ள ஒருவர் யுபிஎஸ்சிக்கு எதிராகப் போட்ட வழக்கில், 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. அதைத் தொடர்ந்து 2022-இல் அவர்களுக்கென்று தனி வழிகாட்டுதலே வந்துவிட்டது.

தேர்வுப் பிரிவில் இருந்த அம்மா என் மனுவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதுவரைக்கும் இப்படி யாரும் கேட்டதில்லைங்களே தம்பி” என்றார். கேட்காததற்குத் தேவை இல்லை என்றா அர்த்தம்? ஆனால் அவரைக் குறை சொல்ல மாட்டேன். மறுநாள் ஃபைலைத் தானே எடுத்துக்கொண்டு கட்டுப்பாட்டு அலுவலரிடம் போய் ஆர்டர் வாங்கி வந்தவர் அவர்தான். வாசலில் சம வாய்ப்பு மையம் என்று பளபளவென்று பலகை இருக்கிறது. எனக்கு வேலை நடந்தது இந்த அம்மாவின் மேஜையில்.

நிஜமான தலைவலி இனிமேல்தான். ஸ்கிரைப்பை நாமே கூட்டி வந்தால், அவர் நம்மைவிட ஒரு படி குறைவாகப் படித்திருக்க வேண்டும் என்பது அப்போதைய விதி. வேறு பாடக்காரராக இருக்க வேண்டும் என்று எங்கள் தேர்வுப் பிரிவும் தன் பங்குக்குச் சேர்த்துக்கொண்டது. தமிழ் பிழையில்லாமல் எழுத வேண்டும், வேகம் வேண்டும், அந்தத் தேதிகளில் அவருக்குப் பரீட்சை இருக்கக் கூடாது. பெண் பார்ப்பதுகூட இதைவிடச் சுலபம். தேர்வு நடத்துபவர்களே ஸ்கிரைப்களின் பட்டியல் ஒன்றை வைத்துக்கொள்ளலாம், அப்படித் தந்தால் தேர்வுக்கு இரண்டு நாள் முன்பே அவரைச் சந்திக்க விட வேண்டும் என்று அதே 2018 வழிகாட்டுதல் சொன்னது. எங்கள் இடத்தில் அந்தப் பட்டியல் இல்லை. பத்துப் பேர் பெயரை எழுதி வைக்க என்ன செலவாகிவிடும்?

கடைசியில் பக்கத்து ஊரில் பி.காம். படிக்கும் பெண் ஒத்துக்கொண்டாள். என்னை அண்ணா என்று கூப்பிடுவாள். நான் பாப்பா என்பேன். அவள் அடையாள அட்டை, மதிப்பெண் பட்டியல் நகல், சொந்த ஸ்கிரைப்புக்கான உறுதிமொழிப் படிவம் எல்லாம் சேர்த்துக் கொடுத்தேன்.

தனி அறை கொடுத்தார்கள், தரைத்தளத்தில். மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம் கூடுதல். மணிக்கு 20 நிமிடம் என்பது கணக்கு. நம் மாவட்டக் கேள்வியே வந்தது: விவசாயிகளிடமே நேரடியாக நிலவரி வசூலித்த இரயத்துவாரி முறை. 1792-இல் பாரமகாலும் சேலமும் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்தது, அலெக்சாண்டர் ரீடு, அவருக்குக் கீழே தாமஸ் மன்றோ என்று நான் சொல்லிக்கொண்டே போக, பாப்பா பேனாவை நிறுத்தி, “அண்ணா, மன்றோவுக்குச் சின்ன ர-வா, பெரிய ற-வா?” என்றாள். தேர்வறைக் கண்காணிப்பாளர் சட்டென்று எழுந்து வந்துவிட்டார். அவள் எனக்கு விடை சொல்கிறாள் என்று சந்தேகம். “சார், எழுத்துதாங்க கேக்குறேன்” என்று அவள் சொன்ன பிறகு நாற்காலியை எங்கள் பக்கத்திலேயே போட்டுக்கொண்டார். அதன் பின் பாப்பா எதுவும் கேட்கவில்லை. நானே ஒவ்வொரு பெயரையும் எழுத்துக் கூட்டிச் சொன்னேன். கூடுதல் நேரத்தில் பாதி அதற்கே போயிற்று.

காலைத் தேர்வு பத்து மணிக்கு ஆரம்பித்து இரண்டு மணிக்கு முடிந்துவிடும். பிற்பகல் தேர்வு இரண்டு மணிக்கு ஆரம்பித்தால் ஆறு மணி. மலைக்கு 20 கொண்டை ஊசி வளைவு ஏற வேண்டும். எனக்குப் பொழுது சாய்ந்தால் பார்வை இல்லை. என்னைக் கைப்பிடித்துக் கூட்டிப் போகும் பாப்பாவும் வீட்டுக்குப் போக வேண்டும். “இருட்டுல புள்ளைய எப்படிங்க அனுப்பறது?” என்று அவள் அப்பா கேட்டதில் தப்பே இல்லை. பிற்பகல் தேர்வு இருந்த நாட்களில் அவர் வேலையை விட்டுவிட்டுக் கீழே இறங்கி வந்து அவளைக் கூட்டிப் போனார். நான் அம்மாப்பேட்டையில் அத்தை வீட்டில் தங்கினேன். கூடுதல் நேரம் வாங்குபவர்களுக்கு எல்லாத் தாளையும் காலையிலேயே வைக்க முடியுமா என்று ஒரு மனு கொடுத்திருக்கிறேன். எல்லாருக்கும் ஒரே கேள்வித்தாள், ஒரே நேரம், அதனால் சிரமம் என்கிறார்கள். ஸ்கிரைப் பட்டியல் கேட்டும் இன்னொன்று கொடுத்திருக்கிறேன். இரண்டுக்கும் எழுத்தில் பதில் வரவில்லை.

நவம்பர் தேர்வுக்குக் கேட்கப் போகிறவர்கள் மருத்துவமனைச் சான்றை ஆகஸ்டிலேயே வாங்கிவிடுங்கள். ஸ்கிரைப் இரண்டு பேரைப் பேசி வையுங்கள். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் கடைசி நேரத்தில் ஆள் மாற்ற நான் எழுதியபோது விதியில் இடம் இருந்தது, ஆனால் மாற்று ஆளின் படிவமும் தயாராக இருந்தால்தான் வாசலில் நின்று வாதாட வேண்டியிருக்காது.